கேள்வி கேட்கிற வீடு

"மழை பெஞ்சா நம்ம கேட் வாசல்ல முழங்கால் தண்ணி. அதுக்கு என்ன பண்ணப்போற, அதை முதல்ல சொல்லு" என்று ஆரம்பித்தார் சௌந்தரராஜன்.

எதிரே உட்கார்ந்திருந்த சாதனா அசரவில்லை. கொல்கத்தா மாநகராட்சித் தேர்தலில் அவர்கள் வார்டுக்குச் சுயேச்சையாக நிற்கிறாள். துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு தமிழரின் மகள். பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் இதே லேக் கார்டன்ஸ் பகுதியில். போன முறை நூலிழையில் தோற்றவள். இந்த முறையும் தோற்றால் அப்புறம் அவளை ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது அவளுக்கே தெரியும்.

சௌந்தரராஜன் மத்திய அரசு அதிகாரி. வருகிற கோப்பில் எல்லாம் ஏதாவது ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பியே பேர் வாங்கியவர். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்பாளரே வந்து உட்கார்ந்தால் விடுவாரா?

"தண்ணி நம்ம கேட்ல அடைக்கலை அங்கிள். கீழே ரயில் லைன்கிட்ட போய் அடைக்குது" என்றாள் சாதனா. பிறகு அப்படியே பெங்காலிக்குத் தாவினாள். "லைன் ஓரத்து பஸ்தியில், அந்தக் குடிசைகளில், வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நிற்கிறது. கட்டிலுக்கு அடியில் செங்கல் அடுக்கிப் படுக்கிறார்கள். அடுத்த மழைக்கு முன்னால் அந்தச் சாக்கடையைத் தூர் வார வைப்பது என் முதல் வேலை."

"தமிழ்லயே சொல்லேம்மா."

"இங்கேயே வளர்ந்தவ அங்கிள். கார்ப்பரேஷன் சமாசாரம்னா வாய் தானா பெங்காலிக்குப் போயிடுது."

அவருக்கும் பெங்காலி புரியும். விட்டுவிட்டார். அவர் மனைவி சகுந்தலா வந்து காபியை வைத்துவிட்டு, "ஃபேன் ரொம்பச் சத்தம் போடுது" என்று அதை நிறுத்திவிட்டுப் போனாள். சௌந்தரராஜன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

"சரி, பார்க்கிங். என் காரை நிறுத்திட்டு வர்றதுக்குள்ள ஒரு மைல் நடக்க வேண்டியிருக்கு."

"கோடு போட்டு ஒழுங்குபடுத்தலாம் அங்கிள். ஆனா அந்த இடத்துலதானே தெருக்குழாய் இருக்கு." மறுபடி பெங்காலி. குரலும் கொஞ்சம் உயர்ந்தது. "வேலைக்குப் போகிற பெண்கள் வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகுதான் அந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது. யாருக்கு லாபம்? விடியும்போதே திறக்க வைப்பேன். முடியவில்லை என்றால் குடத்தோடு நானும் கார்ப்பரேஷன் ஆபீஸ் வாசலில் உட்காருவேன்."

"நான் காரைக் கேட்டா நீ குடத்துக்குப் போற. போகட்டும், தெருநாய்?"

நாய்க்குக் காரணம் குப்பை என்று பெங்காலியிலேயே சொன்னாள். குப்பை எங்கே கிடக்கிறது என்றால், பொதுக் கழிப்பறை வாசலில். அந்தக் கழிப்பறையில் விளக்கு இல்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பெண்பிள்ளை உள்ளே போனால் அம்மா வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. "எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். ஜெயித்தால் முதலில் அந்தத் தாழ்ப்பாள்" என்றாள்.

சௌந்தரராஜனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் பழக்கம் விடவில்லை. "ஜெயிச்சப்புறம் போன் எடுப்பியா?"

"எடுக்கலைன்னா நேரா வீட்டுக்கு வாங்க. மீன் மார்க்கெட்டுக்குப் பின்னாடி, நீல கேட்." அதையும் ஒரு தரம் பெங்காலியில் நிதானமாகச் சொன்னாள்.

கேட்கக் கேள்வி இல்லாமல் அவர் தலையைச் சொறிந்தபோது ஒரு மணி நேரம் ஓடியிருந்தது. சாதனா எழுந்து கும்பிட்டாள். "அங்கிள், உங்களை மாதிரி கேள்வி கேட்கிறவங்க வீட்டுக்கு ஒருத்தர் இருந்தாப் போதும், நான் ஜெயிச்சிடுவேன்" என்று சிரித்துவிட்டுப் படியிறங்கினாள்.

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கூடவே குற்ற உணர்ச்சியும் பிடுங்கித் தின்றது. சகுந்தலா காபி டம்ளரை எடுக்க வந்ததும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"கெட்டிக்காரப் பொண்ணு. இவதான் வரணும். ஆனா எனக்கு மனசே சரியில்லை. ஒரு மணி நேரம் உட்கார வெச்சுட்டேன். நம்ம ரெண்டு பேர் ஓட்டும் இன்னும் தென்காசியில கிடக்குன்னு கடைசி வரைக்கும் சொல்ல வாய் வரலை."

எந்த ஊருக்கு மாற்றல் ஆனாலும் ரேஷன் கார்டை மாற்றுவார், கேஸ் இணைப்பை மாற்றுவார். ஓட்டை மட்டும் மாற்ற மாட்டார். என்றைக்கிருந்தாலும் ஊருக்குத்தானே போகப்போகிறோம் என்பார்.

"அது அவளுக்குத் தெரியும்" என்றாள் சகுந்தலா. "வரச் சொன்னப்பவே நான் சொல்லிட்டேன்."

சௌந்தரராஜன் நிமிர்ந்தார். "தெரிஞ்சுமா எனக்கு ஒரு மணி நேரம் பதில் சொல்லிட்டிருந்தா?"

"எதிர்த்து நிக்கிறவங்க ஆளுங்க அவளை பஸ்திக்குள்ள கால் வைக்க விடறதில்லையாம். அவ கூட்டத்துக்குப் போறதுக்கும் அங்கே எல்லாருக்கும் பயம். அவளை நிறுத்தாம பேச வைக்க உங்களை விட்டா யார் இருக்கா?" என்றபடி ஒருக்களித்திருந்த சமையலறைக் கதவை முழுசாகத் திறந்தாள் சகுந்தலா.

உள்ளே, அந்தக் கட்டடத்தில் எல்லா மாடிகளிலும் வீட்டுவேலை செய்கிற பஸ்திப் பெண்கள் அத்தனை பேரும் கையில் டீயோடு தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.