பச்சைப் பூட்டு

"திரையில வி.பி.என். பூட்டு பச்சையாத்தான் இருக்கு தம்பி. ஆனா உள்ளே ஒண்ணுமே போகமாட்டேங்குது."

போனில் பேசியவள், நிறுவனத்துக்குக் கட்டட வரைபடங்கள் வரைந்து கொடுக்கும் அக்கா. மகன் காலில் மாவுக்கட்டு. அதனால் இரண்டு வாரமாக வீட்டிலிருந்தே வேலை.

"பதறாதீங்கக்கா. வி.பி.என்.னா என்ன? உங்க வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவுல யாரும் எட்டிப் பார்க்க முடியாத ஒரு சுரங்கப்பாதை. பச்சைன்னா பாதை போட்டாச்சுன்னு அர்த்தம். வண்டிதான் ஓடலை. ஏன்னு பார்ப்போம்."

அதே நிறுவனத்தின் கணினி உதவி மையத்தில் அவனுக்கு எட்டு வருட அனுபவம். விளக்கிச் சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"எனக்கு விளக்கம் வேணாம்ப்பா, வழி வேணும். மூணு மணிக்குள்ள படம் போய்ச் சேரலைன்னா நாளைலேருந்து வரவேணாம்னுட்டார் மேலாளர். ஏற்கெனவே ரெண்டு தடவை எச்சரிக்கை வாங்கியிருக்கேன்."

மணி இரண்டு பத்து.

அவனும் அன்று வீட்டில்தான் இருந்தான். துணி அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு மேசை. நாற்காலியைப் பின்னால் தள்ளினால் மகளின் புத்தகப் பை கிடக்கும் கட்டிலில் இடிக்கும். அவன் திரையிலும் பச்சைப் பூட்டுதான். அக்காவின் கணக்கைப் பார்க்க நிர்வாகப் பக்கத்தைத் திறந்தான். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. காலையிலிருந்தே இந்தக் கூத்துதான். 'கிழட்டு சர்வர்' என்று முணுமுணுத்தபடி இன்னொரு போனை எடுத்தான்.

"லைன்லயே இருங்கக்கா" என்று அந்தப் போனை மியூட்டில் போட்டான்.

சர்வர் அறையில் இருப்பவன் அவனுடைய பழைய நண்பன். எல்லாக் கணக்குகளுக்கும் அனுமதி கொடுப்பதும் எடுப்பதும் அவன்தான் என்பதால் ஆபீசே அவனைச் 'சாவி' என்று கூப்பிடும்.

"சாவி, ஒரு கணக்கு. கனெக்ட் ஆகுது, டேட்டா மட்டும் போகலை. உன் பக்கம் என்ன காட்டுது?"

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"பேரையெல்லாம் சொல்லாதே, இந்த லைன் பதிவாகுது" என்றான் தாழ்ந்த குரலில். "காலையில மேலேருந்து உத்தரவு. ஒரே ஒரு கணக்கு. அனுமதி பூரா உருவியாச்சு. அஞ்சு மணிக்கு அவங்களே கூப்பிட்டுச் சொல்வாங்களாம்."

அவனுக்கு விளங்கிவிட்டது. ஆளை நீக்கும்போது இந்த நிறுவனத்தின் வழக்கம் அது. நுழையும் உரிமையை மட்டும் கடைசிவரை விட்டுவைப்பார்கள், சந்தேகம் வராமல் இருக்க. பாதை திறக்கும், பூட்டும் பச்சையாகும். பாதையின் மறுமுனையில் ஒரு கதவும் திறக்காது.

"அநியாயம்டா. பிள்ளைகுட்டி இருக்கிற குடும்பம்."

"தெரியாதா எனக்கு? நம்ம கையில என்ன இருக்கு?" என்றான் சாவி.

"இப்ப நான் என்னடா பண்றது?"

"அஞ்சு மணி வரைக்கும் ஒண்ணும் தெரியாத மாதிரி இரு. மனசைத் தளரவிடாதே."

மறுபடி அக்காவின் போனைக் காதில் வைத்தான். சொன்னால் இவன் வேலை போகும். சொல்லாவிட்டால் அவள் மூன்று மணிவரை சுவரில் முட்டிக்கொண்டிருப்பாள். இருதலைக் கொள்ளி எறும்பாக, கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே எழுந்து நின்றான். நடக்க இடமில்லை.

"ரூட்டர் வயரைக் கழட்டி மாட்டுங்கக்கா."

"மாட்டியாச்சு. நேத்துத்தான் புது ரூட்டரே போட்டாங்க."

"லேப்டாப்பை ஒருதரம் அணைச்சுப் போடுங்க."

"அதையும் பண்ணியாச்சு. செக்குமாடு மாதிரி என்னை ஏன்ப்பா சுத்தவிடறே? உண்மையைச் சொல்லு தம்பி. என்னைத் தூக்கிட்டாங்களா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"சேச்சே, என்னக்கா நீங்க! வீட்டு வைஃபையை விட்டுட்டு, உங்க போன்லேருந்து ஹாட்ஸ்பாட் போட்டுப் பாருங்க."

வாயில் வந்ததைச் சொன்னான். இரண்டு ஐம்பது ஆயிற்று. இரண்டு ஐம்பத்து மூன்று. அக்காவின் மூச்சு மட்டும் கேட்டது.

"தம்பி! ஓடுது தம்பி! பாதி போயிடுச்சு... இரு, இரு... முழுசும் போய்ச் சேர்ந்தாச்சு! மேலாளரே கிடைச்சுதுன்னு பதில் போட்டுட்டார். நீ நல்லா இருப்பே!"

அவன் பொத்தென்று நாற்காலியில் விழுந்தான். அட, இதுதானா! அவள் வீட்டுப் புது ரூட்டரும் ஆபீசும் கணினிகளுக்கு ஒரே முகவரி எண்வரிசையை வைத்திருந்திருக்கின்றன. ஆபீசுக்கு அனுப்பிய படத்தை, நம் வீட்டு ஆளுக்குத்தான் போலிருக்கிறது என்று ரூட்டர் வீட்டுக்குள்ளேயே தேடியிருக்கிறது. போன் இணைப்புக்கு மாறியதும் குழப்பம் தீர்ந்தது. அனுமதி போனவளுக்கு எதை மாற்றினாலும் ஓடாதே. அப்படியானால் அக்காவின் வேலைக்கு ஓர் ஆபத்தும் இல்லை!

சிரிப்பை அடக்க முடியாமல் சாவியைக் கூப்பிட்டான்.

"டேய், நல்லா பயமுறுத்தினே போ. அக்காவுக்கு எல்லாம் ஓடுதுடா! படம் போயாச்சு!"

"எந்த அக்கா?"

"படம் வரையற அக்காதான். அவங்க கணக்கைப் பத்தித்தானே உன்கிட்ட கேட்டேன்?"

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் மறுபடி கேட்டது.

"நீ உன்னைப் பத்திக் கேக்கறேன்னு நினைச்சேன்டா."