ஆணித் தழும்பு

ஈஸ்டர் காலையில் வீட்டில் எல்லோரும் பூசைக்குப் போய்விட்டார்கள். அருள்தாஸ் மட்டும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தான்.

மனைவி சோபனாவை அடக்கம் பண்ணி நான்கு மாதம். அதற்குப் பிறகு அவன் கோயில் படி ஏறவில்லை.

அவள் குழிமேட்டருகே அவளுடைய அப்பா மாரப்பன் உட்கார்ந்திருந்தார். சித்தேரி மலையிலிருந்து முதல் பஸ் பிடித்திருக்க வேண்டும்.

வேதக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று ஆறு வருடம் மகளோடு பேசாதவர். அடக்கத்தன்றும் சுற்றுச்சுவருக்கு வெளியே நின்றுவிட்டுப் போனவர்.

அவனைப் பார்த்ததும் எழுந்தார்.

“மாப்ள,” என்றார். அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “செத்தவங்க ஒரு நாளைக்கு எந்திரிப்பாங்கன்னு அன்னைக்கு உங்க சாமியாரு சொன்னாரே. நெசந்தானுங்களா?”

அந்த நம்பிக்கை அருள்தாஸுக்குப் போய்விட்டிருந்தது. கேன்சர் வார்டு வராந்தாவில் மூன்று மாதம் முழங்காலில் நின்றவன் அவன். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

“நெசந்தானுங்க மாமா.”

“எந்திரிக்கறப்ப பழசெல்லாம் ஞாபகம் இருக்குங்களா?”

தன்னை மகளுக்கு அடையாளம் தெரியுமா என்று கேட்கிறார் என நினைத்தான். சிறுவயதில் ஞாயிறு வகுப்பில் கேட்டதைச் சொன்னான்.

“எதுவும் மறக்காதுங்க. இயேசு எந்திரிச்சு வந்தப்ப ஆணி அடிச்ச தழும்புகூட அப்படியேதான் இருந்துச்சு.”

மாரப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்ப அதுவும் மறக்காது.”

“எதுங்க?”

“ஐப்பசியில வூட்டுக்கு வந்தா. நான் உள்ளதான் இருந்தேன். கதவு தொறக்கல.”

அந்த நாள் அருள்தாஸுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவனை பஸ் ஸ்டாப்பிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, முடி கொட்டிப்போன தலையை முந்தானையால் மூடிக்கொண்டு சோபனா தனியாகப் போனாள். உடனே திரும்பிவிட்டாள். வூடு பூட்டியிருக்கு, அப்பா காட்டுக்குப் போயிருப்பாங்க என்றாள். வழியெல்லாம் அவன் தோளில் சாய்ந்து வந்தாள்.

அதைச் சொல்லி அவருக்கு ஆறுதல் தரக்கூடாது என்றுதான் முதலில் தோன்றியது. ஆனாலும் சொன்னான்.

“நீங்க உள்ள இருந்தது அவளுக்குத் தெரியாதுங்க மாமா. வூடு பூட்டியிருக்குன்னுதான் எங்கிட்ட சொன்னா.”

மாரப்பன் இல்லையென்று தலையை ஆட்டினார்.

“கதவு தொறந்துதான் இருந்துச்சு. வாசல்ல நின்னு என்னைப் பாத்துச் சிரிச்சாளுங்க மாப்ள. அவ மூஞ்சிக்கு நேராத்தான் சாத்தினேன்.”