பலாவுக்கு ஜாமீன்

'ஒரே ஒரு வரி. சொல்லிவிட்டால் மரம் பிழைத்துவிடும்.' சுபிதா அந்த வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை.

"ஏட்டி, எதுக்கு இப்படி மலச்சுப்போய் நிக்க?" என்றாள் மாமியார் தாணம்மாள். "எம் மவன் கோடாலிய ஓங்குவான். நீ ஓடி வந்து, 'வெட்டாதீங்க, அடுத்த வருசம் காய்க்கும், நான் ஜாமீன்'னு சொல்லணும். அவ்வளவுதான். காய்க்காத மரத்த இப்படிப் பயமுறுத்தினா பூத்துரும். எங்க அம்ம வீட்டுல செஞ்சிருக்காவ."

இராஜாக்கமங்கலத்து வீட்டின் பின்பக்கம் அந்தப் பலா நின்றது. கல்யாணமான புதிதில் தோவாளையிலிருந்து சுபிதாதான் கன்றாகக் கொண்டுவந்தாள். இந்த வீட்டில் அவள் கையால் வேர் பிடித்தது அது ஒன்றுதான். ஒன்பது வருடங்களில் சாம்பல் போட்டாள், சாணி கரைத்து ஊற்றினாள், விவசாய ஆபீஸில் கேட்டுப் பொட்டாஷ் வைத்தாள். ஒரு பிஞ்சு இறங்கவில்லை.

மரத்தை வெட்டிவிட்டு கார் ஷெட் போடுவதென்று அவள் கணவன் சிவபிரசாத் முடிவெடுத்து, அறுக்கிற ஆளுக்கும் சொல்லிவிட்டான். இந்தச் சடங்கைச் செய்தால் இன்னும் ஒரு வருடம் பொறுப்பதாக அம்மாவிடம் ஒப்புக்கொண்டிருந்தான்.

கோடாலியைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் சிரித்தான். "டீச்சருக்கு வசனம் மறந்துபோச்சு போல. ஆண்டுவிழாவுல பிள்ளைகளுக்கெல்லாம் நாடகம் சொல்லிக்குடுக்கா, இங்க வாயத் திறக்க மாட்டேங்கா."

மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுப் பூங்கனி எட்டிப் பார்த்தாள். "அவ சயின்ஸ் டீச்சர்லா, இதெல்லாம் நம்புவாளா? நான் வேணா வந்து சொல்லட்டா பெரியம்மே?"

"நீ சொன்னா பலிக்காது. வீட்டுக்காரிதான் சொல்லணும். அவ கெஞ்சுகதக் கேட்டு இவன் ஓங்கின கையத் தாழ்த்தணும். அதப் பாத்தாத்தான் மரம் நம்பும்."

"அப்ப சரி, தொடங்குவோம்," என்று சிவபிரசாத் கோடாலியை ஓங்கினான்.

சுபிதா அண்ணாந்து இலைகளைப் பார்த்தாள். நாளைக்கு இந்த நேரம் அங்கே வெறும் வானம் இருக்கும். நடிப்புதானே, சொல்லிவிடு என்று மனம் திரும்பத் திரும்பச் சொன்னது. வார்த்தைகள் தொண்டைவரை வந்தன. எத்தனையோ முறை வந்து பழகிய வார்த்தைகள்போல இருந்தன.

தாணம்மாள் அருகே வந்து அவள் முழங்கையைத் தொட்டாள். "சொல்லு மக்களே. நீ நட்ட மரமாக்கும். விடிஞ்சா ஆள் வந்துரும்."

"நான் சொல்லல, அத்தை." அவளுக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னாள் சுபிதா. "மரம் நம்பாது. ஒம்பது வருசமா எங்க ரூம் சன்னல்பக்கம்தானே நிக்குது. நான் கெஞ்சி இவரு ஓங்கின கை தாழ்ந்தத அதுவும் பாத்ததில்ல, நீங்களும் பாத்ததில்ல."