பத்தாவது டீ-சர்ட்

மாமனார் கடைச் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். மாப்பிள்ளை அதைப் பார்க்காமல் போனைப் பார்த்தான். மணி ஐந்து நாற்பது. விற்றது ஒன்பது.

"இன்னும் இருபது நிமிஷம். ஆறு அடிச்சா ஆட்டம் க்ளோஸ். நாளைக் காலையிலேருந்து அப்பா கடை" என்றாள் மனைவி.

மூன்று மாதத்துக்கு முன்னால் போட்ட ஒப்பந்தம் அது. வேலை பார்த்த விளம்பரக் கம்பெனியை இழுத்து மூடியதும், டீ-சர்ட்டுக்குப் படம் வரைந்து இணையச் சந்தையில் கடை போடப்போவதாக அவன் அறிவித்தான். மூன்று மாதத்தில் பத்து விற்றால் தொடரலாம், ஒன்று குறைந்தாலும் மாமனாரின் இரும்புச் சாமான் கடைக்குப் போக வேண்டும் என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். 'சொந்தக்காரங்க யாராவது வாங்கினீங்க, அப்புறம் நான் பேசவே மாட்டேன்' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மிரட்டலும் போட்டாள்.

தொழில் என்னவோ சுலபம்தான். படத்தை வரைந்து ஏற்றினால் போதும். யாராவது ஆர்டர் போட்டால் அச்சுக் கம்பெனியே சட்டையில் அடித்து, மடித்து, நேரே அனுப்பிவிடும். வாங்கியவர் யாரென்று வரைந்தவனுக்குத் தெரியாது. அளவும் நிறமும் மட்டும்தான் வரும்.

முதல் இரண்டு மாதம் ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம் அவன் வரைந்த தூங்குமூஞ்சிப் பூனை, 'திங்கட்கிழமை என்னைக் கேட்டுவிட்டு வரவும்' என்ற வாசகத்தோடு, ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தது. ஒவ்வொரு 'டிங்'குக்கும் அவன் சோபாமேல் ஏறிக் குதித்ததில் ஸ்பிரிங் ஒன்று வெளியே வந்துவிட்டது. கீழ் வீட்டுக்காரர் இரண்டு முறை மேலே வந்து என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது அவன் முகம் தொங்கிக் கிடந்தது. படம் வரையாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. இருந்தாலும் தைரியசாலி மாதிரி பேசினான்.

"பத்தாவது விக்கலைன்னா கவலைப்படாதீங்க மாமா. போன வருஷம் லீவுல நாலு நாள் வந்தேனே, கடை எப்படிப் பளிச்சுன்னு ஆச்சு! ஸ்க்ரூ, நட்டு, ஆணி எல்லாம் அளவுவாரியாக் கெடந்துது. உக்காந்து கலர்வாரியா அடுக்கினேனே! இந்தத் தடவை குழாயையும் விடமாட்டேன்."

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மாமனாருக்குப் புரையேறியது.

"தாராளமா வாங்க. மாப்பிள்ளை வரேன்னா நான் வேணாம்னா சொல்லப்போறேன்?" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அப்பாவின் பெருந்தன்மையில் மகளுக்கு மனசு நெகிழ்ந்தது. அவளுக்கும் உள்ளே அடித்துக்கொள்ளத்தான் செய்தது. விற்றுவிட வேண்டுமே என்று அவளுக்கு மட்டும் ஆசை இல்லையா? ஒப்பந்தம் போட்ட வாயால் அதைச் சொல்ல முடியவில்லை.

ஐந்து ஐம்பத்திரண்டு. அவன் போனை மேசையில் வைத்தான், எடுத்தான், உதறிப் பார்த்தான்.

"உதறினா விழறதுக்கு அது என்ன மரமா?" என்றாள்.

மாமனாரின் போனில் ஏதோ செய்தி வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நாலு... ஏழு... ஏழு... ரெண்டு..." என்று முணுமுணுத்தபடி ஒற்றை விரலால் அழுத்தினார்.

"கடையில புது நம்பர் பூட்டு. தொறக்கத் தெரியலையாம்" என்றார், யாரும் கேட்காமலே.

ஐந்து ஐம்பத்தைந்து. ஐம்பத்தாறு. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

டிங்!

"பத்து! பத்து! பத்து!"

சோபாவின் இரண்டாவது ஸ்பிரிங் வெளியே வந்தது. அவள் ஒப்பந்தத்தையெல்லாம் மறந்து, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றினாள். முட்டிவலிக்கு மூன்று டாக்டர் பார்த்த மாமனார், கையைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று ஆடியேவிட்டார். சாவிக்கொத்தை எடுத்துப் பத்திரமாகச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சத்தம் கேட்டுச் சண்டைக்கு வந்த கீழ் வீட்டுக்காரரையும் உள்ளே இழுத்து ஆட விட்டார்கள். காரணம் தெரியாமலே அவரும் நன்றாக ஆடினார்.

எதற்கும் இருக்கட்டும் என்று அவள் காலையிலேயே வாங்கி ஒளித்துவைத்திருந்த கேக்கை வெட்டினார்கள். பாதியை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு, அப்பாவை வழியனுப்பக் காருக்கு வந்தாள்.

"டிக்கி வேணாம்மா, முன் சீட்லயே..." என்று அவர் பதறுவதற்குள் திறந்துவிட்டாள்.

உள்ளே ஒரே மாதிரி பொட்டலங்கள். ஒன்று மட்டும் ஓரம் கிழிந்து, அதற்குள்ளிருந்து தூங்குமூஞ்சிப் பூனை எட்டிப் பார்த்தது. எண்ணிப் பார்த்தாள். ஒன்பது.

"அப்பா... அப்போ இந்தப் பத்தாவதும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கண்தான் நிறைந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பேச்சையும் மீறி, எங்க யாருக்கும் தெரியாம... உங்க மாப்பிள்ளை மேல உங்களுக்கு இவ்வளவு பாசமாப்பா?"

மாடி ஜன்னலிலிருந்து "பத்து! பத்து!" என்ற கூச்சல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் மேலே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பாசமா? கடையக் காப்பாத்த எனக்கு வேற வழி தெரியலம்மா!"