காலைக் கணக்கெடுப்பு

பூமியிலிருந்து பிடித்துவரப்பட்ட தையல்காரியை அந்த விண்கப்பலில் ஒன்பதாம் அறையில் அடைத்திருந்தார்கள். தினமும் காலையில் நான்கு கைகள் கொண்ட வேற்றுக்கிரகக் காவலர் வந்து, அறையில் இருப்பவர்களை எண்ணி, “ஒண்ணு” என்று சொல்லிவிட்டுப் போவார். எண்ணவும் பேசவும் அவளிடம்தான் கற்றிருந்தார். நான்கு கை வைத்து அவருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். மறுநாள் அவர் “ரெண்டு” என்றார்.

“இன்னொரு கைதி யாருங்க?”

“நான்தான். என்னாலயும் இங்கேருந்து போக முடியல.”

அதன்பின் கதவு பூட்டப்படவில்லை. அவளை ஊரிலேயே கொண்டுபோய் விடுவதாகவும் சொன்னார். “சட்டைக்கு இன்னும் பட்டன் வைக்கல, பாக்கலாம்” என்று அவள் ஒரு வருடத்தை ஓட்டிவிட்டாள்.

இன்று காலை அவர் “மூணு” என்றார். அறையில் வேறு யாரும் இல்லை. நாள் தள்ளிப்போயிருப்பதை அவள் அவரிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. சிரித்துக்கொண்டே மிச்சத் துணியை விரித்தாள்.

“என்னங்க, இதுக்கு எத்தனை கை வைக்கட்டும்?”

அவர் அவள் வயிற்றில் காதை வைத்து நிதானமாக எண்ணினார்.

“இப்போதைக்கு அஞ்சு.”

வளர்கிற பிள்ளை என்று, அவள் கொஞ்சம் கூடுதலாகவே துணி விட்டு வெட்டினாள்.