பின்னறையில் கனடா

விசா கட்டாயம் வந்துவிடும் என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி, தெருவே கூடி நிரஞ்சனுக்கு மாலை போட்டு வழியனுப்பு விழா நடத்திவிட்டது. மறுவாரம் விசா மறுக்கப்பட்ட செய்தி வந்தபோது அதை வெளியே சொல்ல அம்மாவுக்கு நா எழவில்லை. பையன் நேற்று ராத்திரியே பிளைட் ஏறிவிட்டான் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவனுக்குப் பின்னறைதான் கனடா. மறுபடி விண்ணப்பிக்க ஏஜென்ட்டைப் பார்க்கப் போனபோதுகூட, விடியுமுன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டுதான் வாசல் தாண்டினான். முடிவு இன்னும் வரவில்லை.

இன்று காலை எதிர்வீட்டு ராஜாமணி அத்தை வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

“புள்ள குரலக் கேட்டு எத்தன நாளாச்சு! ஒரு போன் போட்டுக் குடு.”

“அங்க இப்ப ராத்திரி, அக்கா. தூங்கிட்டிருப்பான்.”

“அத்த எழுப்புனா கோச்சுக்க மாட்டான். போடு.”

வேறு வழியில்லாமல் அம்மா எண்ணை அழுத்தி போனை நீட்டினாள். மூடிய கதவுக்குப் பின்னால், போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு நிரஞ்சன் கிசுகிசுத்தான்.

“நல்லா இருக்கேன் அத்த. இங்க ஒரே பனி.”

அப்போது தெருவில் தக்காளி வண்டி வந்து நின்றது. “கிலோ நாப்பது! கிலோ நாப்பது!” என்று அதன் ஒலிபெருக்கி அலறியது. அதே அலறல் ஒரு கணம் பிந்தி, போனுக்குள்ளிருந்தும் வந்தது.

அம்மா முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். அத்தை போனைக் காதிலிருந்து எடுக்காமல், பின்னறைக் கதவையே பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்.

“ஏம்ப்பா, அங்க தக்காளி கிலோ என்ன விலை?”