பழைய ரயிலின் ஜன்னலோரம்

"அரை மணியில வீடு வந்து சேர புது ஃபாஸ்ட் டிரெயின் விட்டிருக்காங்க. இன்னுமா நீங்க லேட்டு?" என்று போனில் கணவனைக் கடிந்துகொண்டாள்.

"ஆபீஸ்ல வேலை முடியலம்மா. நீ வீட்டுக்கு வந்துட்டியா?"

"எப்பவோ வந்தாச்சு. அடுப்படியில ஒத்தையா அல்லாடிக்கிட்டு இருக்கேன்."

"அடுத்த நிலையம்..." என்று அறிவிப்பு ஒலித்தது. போனிலும், அவள் தலைக்கு மேலும், ஒரே நேரத்தில்.

எல்லா நிலையத்திலும் நின்று ஊர்ந்து போகும் பழைய ரயில் அது. மடியிலிருந்த நாவலை மூடிவிட்டு மெல்லத் திரும்பினாள். நாலு வரிசை தள்ளி, காதில் போனும் கையில் கடலைப் பொட்டலமுமாகக் கணவன் அசடு வழிந்தான்.

யாருக்காகவும் எழுந்திருக்க வேண்டாத இந்த ஒரு மணி நேரம்தான் நாளிலேயே அவளுடையது. அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"நாளையில இருந்து நீங்க கடைசிப் பெட்டி" என்றாள்.